கற்பகத்தரு, இரண்டெழுத்து

கிழமைக்கு மூன்று வரும். சில கிழமை இரண்டு.
ஞாயிறு காலமை தேத்தண்ணி ஆறுமுன்
பார்த்து முடித்துவிடலாம்:
கட்டம் சரியோ, குறிப்புச் சரியோ,
ஒற்றைக் கொம்போ இரட்டைக் கொம்போ.
நாலு வருஷமாய் அப்படித்தான்
என் குறுக்கெழுத்துத் தளம் ஓடினது.

போன செவ்வாய் வானொலியில் ஆரோ அதைச் சொல்லியிருக்கினம்.
நான் அந்த நேரம் வங்கி அடகுப் பிரிவில்
ஒரு பதக்கச் சங்கிலியைக் கல்லில் உரசிக்கொண்டிருந்தேன்.
லாச்சிக்குள் போன்
நுளம்பு மாதிரி விடாமல் இரைந்தது.
பின்னேரம் ஆஸ்பத்திரி வீதியில் பஸ்சுக்கு நின்று திறந்தேன்.
இருநூற்றுப் பதினேழு.
கொக்குவிலில் இறங்க இருநூற்று நாற்பது.

முதல் இரவு சந்தோஷம்.
மறைக்க என்ன இருக்கு, இரண்டு தரம் எண்ணினேன்.
இரண்டாம் இரவு கண் எரிந்தது.
மூன்றாம் இரவு
எனக்குத் தமிழே பிடிக்கவில்லை.

"கற்பகத்தரு, இரண்டெழுத்து."
நாற்பத்தொரு பேர்.
நாற்பத்தொரு பேரும்
பனையைத் தாங்கள்தான் முதலில் கண்ட மாதிரி
ஆச்சரியக்குறி போட்டிருந்தார்கள்.
ஒருவர் மெய்யெழுத்துக்குக் கட்டமே கொடுக்கவில்லை,
புள்ளியை விரும்பின இடத்தில் வைக்கட்டுமாம்.
நாவற்குழியில் ஒருவர் கௌதாரியை மூன்று கட்டத்தில் அடக்க
"இல்லை, நாலு" எண்டு
அவரின் மனிசி தனியாக அனுப்பியிருந்தா.
இரண்டையும் நிலுவையில் போட்டேன்,
ஒரு வீட்டுச் சண்டை எனக்கு எதுக்கு.
இன்னொருவர் ஒரே புதிரைப் பதினொரு தரம்,
ஒவ்வொரு தரமும் ஒரு கறுப்புக் கட்டத்தை மட்டும் நகர்த்தி.
கடைசியில்: "அக்கா, கிடைச்சதோ?"

வெள்ளிக்கிழமை கதவைச் சாத்தினேன்.
"ஆளுக்கு ஒன்று. அடுத்த மாதம் வரை
புதியவை ஏற்கமாட்டோம்."
மாட்டோம் எண்டு பன்மையில்,
பின்னால் ஒரு கந்தோரே இருக்கிற மாதிரி.

பாசையூர் அனிஸ்ரலாவும்
கணித ரியூசன் நிரூபனும் கைகொடுக்க வந்தார்கள்.
நிரூபன் அட்டவணை போட்டான்.
பச்சை ஓம். சிவப்பு இல்லை. மஞ்சள் திருத்தலாம்.
சனி இரவு பார்த்தால் எல்லாம் மஞ்சள்.
"இல்லை எண்டு சொல்ல வாய் வருகுதில்லை," எண்டா அனிஸ்ரலா.
"நீ அடகில இருக்கிறனி. நீ சொல்லு."

சொன்னேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரின் முகம் பாராமல்
"மாற்றுக் குறைவு" எண்டு
நகையைத் திருப்பித் தள்ளிப் பழகின கைதானே.
நூற்றுப் பதினெட்டுத் தரம்:
"அனுப்பியதற்கு நன்றி. இம்முறை சேர்க்க இயலவில்லை."
எழுபதாவதில் விரல் தன்பாட்டில்
"வட்டி செலுத்தவேண்டிய கடைசித் திகதி" எண்டு அடித்தது.
அழித்தேன்.

பேந்துதான் இது.
நூற்றுத் தொண்ணூற்று மூன்றாவது.
பேர் இல்லை, குருநகர் எண்டு மட்டும்.
மூலைக்கு மூலை பொருந்தின கட்டம்.
பதினாலு குறிப்பும் கடல்.
"வாடைக்கு முதல்நாள் தண்ணி எடுக்கிற நிறம், ஐந்தெழுத்து."
"கூடு தூக்க முன்னம் கை அறியிறது, மூன்றெழுத்து."
விடைகள் இணைக்கப்படவில்லை.

அனிஸ்ரலாவுக்கு ஆறு தெரியும்.
அவவின் தமையனுக்குப் போன் போட ஒன்பது.
மிச்சம் ஐந்து எந்த அகராதியிலும் இல்லை.
"விதி ஏழு," எண்டான் நிரூபன்.
விதி ஏழை எழுதினது நான்.
உரசிப் பார்க்க எனக்கு இதற்கு ஒரு கல் இல்லை.

"விடைகளையும் அனுப்பவும்," எண்டு எழுதினேன்.
விடியப்புறம் மூன்று நாற்பதுக்குப் பதில்:
"இப்ப தொழிலுக்குப் போறன். வந்து சொல்லுறன்."

ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் போட்டேன்,
விடையில்லாமல், விதி ஏழையும் மீறி.
நிரூபன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு
அட்டவணையில் அதற்கு ஒரு நீலம் பூசினான்.
நீலம் எண்டால் என்ன எண்டு
நாங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை.

கதவு சாத்தித்தான் கிடக்கு.
கீழ் இடுக்கால் இன்னும் மூன்று வந்திருக்கு.
இரண்டு பனை.
மற்றதைத் திறக்கிறேன், கறண்ட் போகுது.